எஞ்சின் எழுதும் ஏடு: பழுதறி கருவிகளின் வரலாறும் தேர்வும்

வரலாறு என்றவுடன் மன்னர் பரம்பரையும் போரும் உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்லூரி மலர்களிலே கல்வெட்டு, காசு, கோயில் என்பன பற்றிக் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன, அவை வேண்டியவையே. ஆயினும் மனிதன் கையாளும் கருவிகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை அறியாதார் அக்கருவிகளை விலை கொடுத்து வாங்கும்போது ஏமாறுதலும் உண்டு. இக்கட்டுரையின் பொருள், மோட்டார் வண்டியின் எஞ்சின் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் பதிவும், அப்பதிவைப் படிக்கும் கருவியுமாகும். கராஜ்களிலே ‘ஸ்கானர்’ என வழங்குவது இக்கருவியே. ஈண்டு அதனைப் பழுதறி கருவி என்போம்.

கல்வெட்டைப் படிக்கப் புகுவோன் முதலில் அது எவ்வெழுத்தில் அமைந்தது என அறிதல் வேண்டும். அடுத்து, சிதைந்துபோன இடங்கள் எவை என நோக்குதல் வேண்டும். ஈற்றில், அதனைப் பொறிப்பித்தவன் யார், எந்நோக்கத்துடன் பொறிப்பித்தான் என வினாவுதல் வேண்டும். எஞ்சினின் ஏட்டைப் படிப்போனுக்கும் இம்மூன்று வினாக்களும் உரியன என்பதே யாம் கூற விழைவது.

இப்பொருளை இப்பொழுது எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலும், 2022இன் எரிபொருள்த் தட்டுப்பாட்டின்போதும், கையிலிருந்த பழைய வண்டியை எவ்வாறேனும் ஓடவைத்தல் பலருக்குப் பிழைப்புக்குரிய காரியமாயிற்று. கட்டுகஸ்தோட்டை முதல் அக்குறணை, அலவத்துகொட வழியாக மாத்தளை வரை செல்லும் ஏ-9 வீதியை நோக்கின், அதில் ஓடுவனவற்றுட் பெரும்பகுதி யப்பானிலிருந்து பழையனவாக வந்த கார்களும் வான்களும், இந்தியாவிற் செய்யப்பட்ட சிறு கார்களும் முச்சக்கர வண்டிகளுமேயாம். பாடசாலை வான் ஓட்டும் சாரதி ஒருவருக்கு, “ஸ்கானர் போட்டுப் பார்த்தோம், இந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்” என்னும் ஒரு வாக்கியம் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடக்கூடும். அவ்வாக்கியம் எதனை ஆதாரமாகக் கொண்டது என வினவும் அறிவு நம்மவருக்கு வேண்டாவோ?

எஞ்சினின் உள்நிலையைத் தாளில் எழுதுவித்த முதல் முயற்சி, மோட்டார் வண்டி தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது. நீராவி எஞ்சினைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட், 1790ஐ அண்டி, உருளையினுள் நிலவும் அமுக்கத்தைக் காட்டும் சிறு கருவியொன்றை அமைத்தார். ஒரு சிறு முசலம், ஒரு சுருள்வில், ஒரு முள்: அவ்வளவே. ஆயின் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அம்முள் ஓயாது ஆடிற்று. கண்ணாற் பின்தொடர்தல் அரிதாயிற்று. 1796இல் அவருடைய உதவியாளர் ஜோன் சதர்ன் முள்ளுக்குப் பதிலாக ஒரு பென்சிலைப் பொருத்தி, எஞ்சினோடு முன்னும் பின்னும் அசையும் பலகையில் ஒரு தாளை வைத்தார். பென்சில் ஒரு மூடிய கோட்டைக் கீறிற்று. வால்வு முந்தித் திறந்ததா, பிந்தி மூடியதா, நீராவி எங்கே வீணாகின்றது என்பவெல்லாம் அக்கோட்டின் வடிவத்திற் புலனாயின. கண நேரத்து அளவு வேறு, காலத்தோடு தொடர்ந்து செல்லும் பதிவு வேறு என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. இன்று தரவுப் பதிவு என்று பெரும் பெயர் கூறி விற்கப்படும் பொருளின் மூலம் இந்தப் பென்சிற் கோடே.

அதனினும் கவனித்தற்குரியது, போல்ற்றன்-வாட் நிறுவனத்தார் அக்கருவியைப் பல்லாண்டுகள் மறைத்து வைத்தமையாகும். தம் எஞ்சின்களைத் தாம் மட்டுமே செவ்வை செய்யலாம் என்ற நிலை அவர்களுக்கு ஊதியம் தந்தது. 1822இல் ஓர் ஆங்கில விஞ்ஞான ஏட்டில் கருவியின் விவரம் வெளிவந்த பின்னரே பிற பொறியியலாளர் அதனைத் தாராளமாகச் செய்யத் தொடங்கினர். 1862ஆம் ஆண்டின் இலண்டன் பொருட்காட்சிக் காலத்தில், சார்ள்ஸ் ரிச்சர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் விரைவாக ஓடும் எஞ்சின்களுக்கும் ஏற்ற வடிவை அமைத்தார். ருடோல்வ் டீசல் 1893இல் ஆக்ஸ்பூர்க்கில் தம் முதல் எஞ்சினைப் பரீட்சித்தபோது, எதிர்பாரா வெடிப்பினால் இக்காட்டி உடைந்து சிதறியது. எனினும் அவர் அதனைக் கைவிட்டாரல்லர். 1897இல் பேராசிரியர் மொரிற்ஸ் ஷ்ரோட்டர் டீசலின் எஞ்சினை நூற்றுக்கு 26 பங்குக்கு மேற்பட்ட திறனுடையதென நிறுவியதும் இத்தகைய பதிவுகளின் துணைகொண்டே.

நம் மலைநாடும் இக்கதைக்குப் புறம்பானதன்று. கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்து பழுதுபார்க்க ஜோன் வாக்கர் 1854இல் கண்டியிலே பட்டறை தொடங்கினார். 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதம் வந்தது. பின்னர் மோட்டார் வந்தபோது, அதனைப் பழுதுபார்க்கும் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வளர்ந்தது. திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதிற் பொருத்தி, எந்த உருளையில் தட்டொலி எழுகின்றது எனக் கேட்டறியும் மெக்கானிக்குகளை நாம் கண்டிருக்கின்றோம். கழற்றிய பிளக்கின் நிறமும் அவர்களுக்கு ஒரு சாசனமே: கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகை, வெளுத்திருப்பின் குறை, வெளிறிய கபிலமெனின் செம்மை. இன்றும் கார்புரேற்றருடன் ஓடும் பழைய முச்சக்கர வண்டிக்கு இவ்வறிவே போதும். அதில் ஸ்கானரைச் செருக இடமே இல்லை. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானதும், 1959இல் இலங்கை-ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டதும், இக்காதறிவைப் பாடத்திட்டமாகவும் அளவுகோலாகவும் மாற்றுதற்கு வழிசெய்தன. இதே ஏ-9 வீதியில், மாத்தளைக்கு அப்பால் உள்ள அலுவிகாரையில், வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஓதுவார் குறைந்து பஞ்சம் மிகுந்த காலத்தில் நினைவை மட்டும் நம்புதல் தகாதெனக் கருதியே பிக்குகள் எழுத்தாணியை எடுத்தனர். மெக்கானிக்கின் காதுக்கும் அத்தகைய ஒரு காலம் வந்தது. அது வந்த வழியோ வேறு.

அவ்வழி கலிபோர்னியாவின் புகைமூட்டத்தில் தொடங்கிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய கண்ணெரிக்கும் புகாருக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து நிகழ்த்தும் இரசாயன மாற்றமே காரணமென, ஒல்லாந்தில் பிறந்த இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிற் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். 1967இல் அம்மாநிலத்தில் வளி வளச் சபை தோன்றிற்று. 1970இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதுக்கும் தூயவளிச் சட்டம் வலுப்பெற்றது. புகையைக் குறைக்க வேண்டுமாயின் பெற்றோலையும் காற்றையும் கணத்துக்குக் கணம் அளந்து கலத்தல் வேண்டும். கார்புரேற்றரால் அது இயலாது. ஆகவே உணரிகளும் சிறு கணினியும் எஞ்சினுள் புகுந்தன. கணினி புகுந்த பின்னர், பிழையைக் கண்டபோது அதனை நினைவில் வைக்குமாறு அதற்குப் பணித்தல் எளிதாயிற்று.

1980களின் முதற் கூற்றில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னிப் பழுதின் எண்ணைத் தெரிவிக்கும். ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரு மின்னல்கள் எனின் 12 என்று பொருள். நம் நாட்டில் இம்முறை பரவியது ரொயோற்றா வண்டிகளாலேயாம். எஞ்சின் அறையிலுள்ள சிறு பெட்டியில் ‘ரீ-ஈ-1’, ‘ஈ-1’ என்னும் இரு துளைகளைக் கம்பித் துண்டொன்றால் இணைத்து விளக்கின் மின்னல்களை எண்ணிய மெக்கானிக்குகள் 1990களில் பலர். செலவின்றிக் கிடைத்த பழுதறி கருவி அது! ஆயின் ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் எழுத்தையும் தன் தன் சொக்கற்றையும் வைத்திருந்தது. வாட்டின் காலத்து மறைப்பு வேறொரு வடிவிற் திரும்பியது எனலாம்.

அம்மறைப்பை உடைத்தது சட்டமேயன்றி வணிகரின் தாராளமன்று. 1988இல் கலிபோர்னியா முதற்படி விதிகளைக் கொணர்ந்தது. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ‘ஓ.பி.டி.-2’ எனப்படும் பொதுமுறை கட்டாயமாயிற்று. ஒரே வடிவான 16 முனைச் சொக்கற், ஒரே வகைப் பழுதெண்கள், எவரும் வாங்கக்கூடிய கருவி என்பன அதன் சாரம். ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தியும் அது வந்தது. இந்தியாவில் 2010இல் ஒரு படியும் 2013இல் அடுத்த படியும் நடைமுறையாயின. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த வண்டிகளோ அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டனவல்ல. 2000களின் இறுதிவரை வந்த அத்தகைய வண்டிகள் பலவற்றில் 16 முனைச் சொக்கற் காணப்பட்டும், பொதுக் கருவி கேட்கும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. சொக்கற்றைக் கண்டு கருவியை வாங்கியவர் ஏமாறுவது இவ்விடத்திலேயே. நம் வீதிகளில் யப்பானிய வண்டிகளே மிகுதி ஆதலின், அமெரிக்க நூல்களிற் கூறும் அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது.

இலங்கையிலும் புகை பற்றிய விதிகள் வந்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயம் ஊக்கி மாற்றியைக் கெடுக்கும் ஆதலின், அதன் பின்னரே அம்மாற்றி பூண்ட வண்டிகள் இங்கு நிலைத்து வாழ இயன்றது. 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. ஆனால் அப்பரிசோதனை வாற்குழாயில் வரும் வாயுவை அளப்பதே; கணினியின் நினைவை அது வினாவியதன்று. எனவே பழுதெண்ணைப் படிக்கும் கலை நம் நாட்டில் சட்டத்தால் வளராமல் கராஜ்களின் தேவையால் வளர்ந்தது.

இனி அவ்வேட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். சொக்கற் பெரும்பாலும் திசைதிருப்பு வளையத்தின் கீழ் இருக்கும். அதன் 16ஆம் முனையில் மின்கலத்தின் மின் எப்பொழுதும் உண்டு. (ஆகவே மலிவான கருவியை இரவு முழுவதும் செருகிவைத்தல், மின்கலத்தை வறிதாக்கும் செயலாகும்.) 7ஆம் முனை பழைய ‘கே’ வழி, 6ஆம் 14ஆம் முனைகள் ‘கான்’ எனப்படும் விரைவு வழி. பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இக்கான் வழியே அமெரிக்காவில் 2008 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. கே வழியில் நொடிக்கு 10,400 துணுக்குகளே செல்லும்; கான் வழியிலோ பெரும்பாலும் 5,00,000. இவ்வேறுபாட்டைப் பின்னர் நினைவுகூர்வோம்.

பழுதெண் ஐந்து எழுத்தால் ஆயது. பி 0300 எனின் உருளைகளில் எரிதல் தவறுகின்றது. பி 0171 எனின் கலவையில் பெற்றோல் குறைகின்றது. பி 0420 எனின் ஊக்கி மாற்றியின் திறன் எல்லைக்குக் கீழ் இறங்கியுள்ளது. எண் பதியப்பட்ட கணத்தில் எஞ்சினின் சுழற்சி, வெப்பம், வேகம் என்பன யாவையாக இருந்தன என்பதையும் கணினி ஒரு படமாக உறைய வைத்துக்கொள்ளும். ஓடும்போது கேட்டால் இதே அளவுகளை வினாவுக்கு விடையாகத் தந்துகொண்டிருக்கும். அவ்விடைகளை நேரக் குறியுடன் வரிசையாக எழுதி வைத்தலே தரவுப் பதிவு.

பழுதெண் ஒரு முறைப்பாடேயன்றித் தீர்ப்பன்று. இதனை விளக்குதற்குப் பி 0171ஐ எடுத்துக்கொள்வோம். பெற்றோல் குறைகின்றது என எஞ்சின் முறையிடுகின்றது. காற்று உணரி அழுக்கடைந்திருக்கலாம். பெற்றோல் பம்பு தளர்ந்திருக்கலாம். உள்ளிழு குழாயில் எங்கேனும் ஒரு வெடிப்பின் வழியாக அளவில் அகப்படாத காற்றுப் புகலாம். மூன்றுக்கும் எண் ஒன்றே. எண்ணை மட்டும் படித்த கராஜ், முதலில் உணரியை மாற்றும். பின் பம்பை மாற்றும். பணம் தீர்ந்த பின் ஐம்பது ரூபா குழாயைக் காணும். எமக்கு அறிமுகமான சாரதி ஒருவர் இவ்வரிசையில் இரண்டு படிகளைக் கடந்தவர். பதிவை நோக்குவோன் செய்வது வேறு. கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கின்றது என்பதற்கு ஒரு வீத அளவு உண்டு; ‘எரிபொருள் திருத்தம்’ என்பர். வண்டி நின்றபடி மெல்ல ஓடும்போது அத்திருத்தம் மிகுந்து, சுழற்சி ஏற ஏறக் குறையுமாயின் குற்றம் காற்றுக் கசிவினது. அடக்கமாக ஓடும்போது இயல்பாயிருந்து, ஏற்றத்திலே சுமை மிகும்போது திருத்தமும் மிகுமாயின், பம்பையோ வடியையோ காற்று உணரியையோ ஐயுறுதல் தகும். இந்த வேறுபாடு ஒரு கணத்து எண்ணில் இல்லை. கோட்டின் போக்கில் உண்டு. சதர்னின் பென்சில் கற்பித்த பாடம் இதுவேயாம்.

ஏற்றத்துக்கு நாம் அயலூர் தேட வேண்டியதில்லை. அலவத்துகொடையைக் கடந்து மாத்தளை செல்வோர் பலகடுவ ஏற்றத்தை அறிவர். வண்டியைச் சுமையுடன் அதில் ஏற்றி மீள இறக்கும் அரைமணி நேரப் பதிவு, சமதரையில் ஒரு நாள் ஓட்டிய பதிவினும் பயன் மிக்கது. குளிர்நீரின் வெப்பம் ஏற்றத்தில் படிப்படியாக உயர்ந்து, இறக்கத்தில் விரைவாகத் தாழுமாயின் இரேடியேற்றரின் ஓட்டத்தை நோக்க வேண்டும். எவ்வளவு ஓடினும் வெப்பம் உரிய அளவை எட்டாது நிற்பின் தெர்மொஸ்ற்றாற் திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

கலப்பின வண்டிகளில் இது மேலும் இன்றியமையாதது. 2010களில் வரிச்சலுகையால் ரொயோற்றா பிரியஸ், அக்குவா முதலியன பெருந்தொகையாக வந்தன. மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் உயர் அழுத்த மின்கலம் 28 கூறுகளால் ஆயது, மொத்தம் 201.6 வோல்ற்று. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகக் கணினி அளக்கின்றது. பி 0ஏ80 என்னும் எண் தோன்றினால் மின்கலத் தொகுதியை மாற்றுக என்பதே அதன் நூற்பொருள். இங்கு நூற்பொருளை மட்டும் நம்பிய குடும்பங்கள் பெருந்தொகைக் கடன்பட்டுள்ளன. பதினான்கு தொகுதிகளின் அழுத்தத்தையும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் பதிவு செய்தால், சுமையின்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்கின்றதா, அன்றி எல்லாமே ஒருங்கே தளர்கின்றனவா என்பது தெரியும். பின்னிருக்கையின் அருகிலுள்ள குளிர்விசிறியின் வாயில் தூசியால் அடைபட்டு மின்கலம் வெம்மையுற்றதா என்பதும் வெப்பப் பதிவிற் புலப்படும். ஒரு கூற்றை மாற்றுவது நிலையான தீர்வன்று என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு, பழைய கூறுகளின் நடுவே வைத்த ஒன்று மற்றவற்றை இளமையாக்காது. எனினும் முடிவைப் பதிவின் மேல் வைத்து எடுத்தல் வேறு, அச்சத்தின் மேல் வைத்து எடுத்தல் வேறு.

ஏடு பொய் கூறுமோ என்பது மூன்றாவது வினா. கூறும் என்பதற்கு அண்மைக் காலச் சரித்திரமே சான்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், டீசல் கார்களின் பின்புறத்தில் அளவைக் கருவிகளை ஏற்றி, வீதியிலே ஓட்டிப் புகையைப் பதிவு செய்தனர். டானியல் கார்டர் என்பார் தலைமை தாங்கிய அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்னும் தமிழ்ப் பெயரினரும் இருந்தமை நமக்கு மகிழ்ச்சி தருவது. பரிசோதனைச் சாலையில் சட்டத்துக்கு அடங்கிய வொக்ஸ்வாகன் கார்கள், வீதியில் நைதரசன் ஒட்சைட்டுகளை எல்லைக்குப் பன்மடங்கு மிகுதியாகக் கக்கின. ஜெற்றா என்னும் வகையில் அது 15 முதல் 35 மடங்கு. 2014இல் அறிக்கை வெளிவந்தது. 2015 செப்ரெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் குற்றஞ்சாட்டியது. தான் பரிசோதிக்கப்படும் நேரத்தை அறிந்துகொண்டு நல்லொழுக்கம் காட்டுமாறு அக்கணினிக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அரசன் பொறித்த மெய்க்கீர்த்தியை அயல்நாட்டுச் சான்றோடு ஒப்பிடாமல் ஏற்கும் மாணவனை நாம் கண்டிப்போம். வண்டியின் கணினி தன்னைப் பற்றிக் கூறுவதையும் அளவுமானி, காது, பிளக்கு என்பவற்றோடு ஒப்பிடுதலே முறை.

கருவியைத் தேர்தல் பற்றி இனிக் கூறலாம். சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பது ‘ஈ.எல்.எம். 327’ எனப் பெயர் பொறித்த சிறு பெட்டி. கனடாவின் எல்ம் இலெக்ரோனிக்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட நுண்சில்லு அது. பற்பல நெறிமுறைகளில் வண்டி பேசுவதை எளிய எழுத்துக்களாக மாற்றிக் கணினிக்கோ தொலைபேசிக்கோ தருதலே அதன் தொழில். அதன் முதற் பதிப்பில் நகலெடுத்தலைத் தடுக்கும் காப்பு இடப்படவில்லை; ஆகவே நகல்கள் உலகெங்கும் பெருகின. வாட்டின் இரகசியம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இச்சில்லின் இரகசியமோ நிற்கவேயில்லை. எல்ம் நிறுவனம் 2022இல் தொழிலை நிறுத்திவிட்டது. ஆதலின் இன்று புதிதாக வரும் பெட்டியின் மேலுள்ள பெயரை மூலமெனக் கொள்ளுதற்கில்லை. ‘1.5’ என்னும் பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆயினும் கடைகளில் அதுவே மிகுதி. ‘2.1’ என விற்கப்படும் நகல்களிற் பல, சில கட்டளைகளையும் பழைய நெறிமுறைகளையும் கைவிட்டவை. எண் பெரிது, வேலை சிறிது.

எனவே முதலில் வண்டியை நோக்குக. 2008க்குப் பின் வந்த பெற்றோல் காரின் எஞ்சினை மட்டும் கவனிப்போருக்கு நம்பத்தக்க ஒரு புளூரூத் பெட்டி போதும். ‘எஸ்.ரீ.என்.’ வகைச் சில்லைக் கொண்ட ஓ.பி.டி.லிங்க் போன்றவை விலை கூடினவாயினும் பதிவுக்கு ஏற்றவை. மலிவான நகல்கள் வினாக்கள் மிகும்போது திணறிச் சில விடைகளை விழுங்கிவிடும். இதுவே சிதைந்த கல்வெட்டு. ஐபோன் உடையார் பழைய வகைப் புளூரூத் பெட்டியை வாங்குதல் வீண். வைபை அல்லது குறைமின் புளூரூத் வகையே அதனுடன் பேசும். யப்பானிய உள்நாட்டு வண்டி பழையதாயின், வாங்குமுன் அதே வகை வண்டியில் செருகிப் பார்த்தல் வேண்டும். தடுப்பு, காற்றுப்பை முதலிய பகுதிகளையும் படிக்கவும், விசிறியை ஓட்டு, வால்வைத் திற எனக் கட்டளையிட்டுச் சோதிக்கவும் விரும்பும் கராஜ்காரர் லோஞ்ச், ஓட்டெல் போன்ற கைக்கருவிகளை நாடுவது தவிர்க்கவியலாதது. பொதுமுறைச் சட்டம் புகையோடு தொடர்புடைய பகுதிகளையே திறந்துவிட்டது, ஏனையவை இன்னும் நிறுவனங்களின் மொழியிலேயே உள்ளன. ஆனால் வீட்டுக்கு ஒரு கார் வைத்திருப்பவர் அவ்வளவு செலவிடுதல் சளிக்குச் சத்திர வைத்தியரை அழைப்பது போன்றது.

மென்பொருளிலும் இவ்வாறே. அண்ட்ரொயிட் தொலைபேசிக்கு டோர்க், இருவகைத் தொலைபேசிக்கும் கார் ஸ்கானர், ஓ.பி.டி. பியூசன் என்பன பழகியவை. போர்ட், மஸ்டா வண்டிகளுக்குப் போர்ஸ்கான். வொக்ஸ்வாகன் குடும்பத்துக்கு ரொஸ்-ரெக் நிறுவனத்தின் வீ.சீ.டீ.எஸ்.; ரொயோற்றாவுக்கு அந்நிறுவனத்தின் ரெக்ஸ்ட்ரீம்; பிரியஸ் மின்கலத்துக்கு டொக்டர் பிரியஸ். ரெக்ஸ்ட்ரீமின் உரிமம் பெறாப் பிரதிகள் மலிவான கேபிளுடன் சேர்த்து விற்கப்படுதல் யாவரும் அறிந்ததே. அவற்றுடன் வேறு தீங்கு நிரலிகளும் கணினியுட் புகலாம் ஆதலின், வீட்டுக் கணக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றை ஏற்றற்க. வண்ண வண்ண வட்டங்களைக் காட்டும் அழகில் மயங்குதலும் வேண்டா. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பதிவை நேரக் குறியுடன் அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துத் தருமா? தாராதெனின் அது வேடிக்கைப் பொருள்.

பதிவு செய்யும்போது ஆசை மிகுதல் கூடாது. வண்டி ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு விடையாகவே தருகின்றது. பழைய கே வழியில் நொடிக்குச் சில விடைகளே கிடைக்கும். இருபது அளவுகளைத் தெரிவு செய்தால் ஒவ்வொன்றும் பல நொடிகளுக்கு ஒருமுறையே வரும். எரிதல் தவறும் கணம் அவ்விடைவெளியில் மறைந்துவிடும். சுழற்சி, சுமை, குளிர்நீர் வெப்பம், இருவகை எரிபொருள் திருத்தம் என ஐந்தாறு அளவுகளே போதும். கான் வழியில் நெறிமுறை ஒரே வினாவில் ஆறு அளவுகள் வரை கேட்க இடந்தருகின்றது. ஆயினும் கருவியும் மென்பொருளும் அதற்கு இடந்தர வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். விற்பவர் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் காட்டுதல் புதிதன்று. பழுதெண்ணை அழிக்கும் கட்டளை, உறைய வைத்த படத்தையும் சேர்த்து அழிக்கும். கணினி தானே நடத்தும் பரிசோதனைகளின் முடிவுகளையும் அழித்து, அவற்றை ‘முடிவுறாதவை’ என்னும் நிலைக்குத் தள்ளும். அவை மீண்டும் நிறைவுறச் சில நாள்களின் பல்வகை ஓட்டம் வேண்டும். நாள்தோறும் ஓடுவதாகக் கூறப்படும் காரில் அப்பரிசோதனைகள் பல முடிவுறாதிருக்கக் கண்டால், அண்மையில் ஏடு துடைக்கப்பட்டது. அல்லது மின்கலம் கழற்றப்பட்டது. எதற்காக என விற்பவரிடமே கேட்கலாம். தம் சொந்த வண்டியைக் கராஜில் விடுவோரும், எண்ணையும் உறைந்த படத்தையும் தொலைபேசியிற் சேமித்து, வண்டியின் ஓட்டத் தூரத்தையும் திகதியையும் குறித்த பின்னரே அதனை அழிக்க உடன்படுவாராக.